ஒரு கரண்டி மருந்து

ஜூலை 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். காற்று அடிக்கிறது, ஆனால் அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி. கிழக்கே மொட்டை மலை, மேற்கே மொட்டை மலை. நடுவில் நாங்கள், வெள்ளைச் சீலையில்.

வேலூர் டாக்டர் பள்ளிக்கு வந்து நாலு நாள். இன்றுதான் பேனா எடுக்கக் கை வந்தது.

வழி: தலைமன்னாரிலிருந்து கப்பல், கரை வரைக்கும் வாந்தி. தனுஷ்கோடியில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அம்மா சுற்றித் தந்த பனாட்டைச் சுங்கக்காரர் மோந்து பார்த்து, "இது என்ன, தோலா?" என்றார். பனம்பழத்தில் செய்தது, தின்கிற சாமான் என்றேன். நம்பவில்லை. ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக் காட்டின பிறகு விட்டார். அப்புறம் ரயில், ரயில், ரயில். காட்பாடி. ஜட்கா.

அறையில் நாங்கள் இரண்டு பேர். மற்றவள் சுகுணா (இனி சு.). குடியாத்தத்துக்காரி, இரண்டாம் வருஷம். நல்லவள். பேச்சு படுவேகம். அவள் சொல்வது எனக்குப் பாதி விளங்கவில்லை. நான் சொல்வது அவளுக்கு முக்கால்வாசி விளங்கவில்லை. இரண்டு பேரும் பேசுவது தமிழ்.

வாங்க வேண்டியவை: விளக்குச் சிமினி, கறுப்பு நூல், சவுக்காரம் (சோப்பு என்று கேட்க வேண்டும்), தபால் தலை.

ஐயாவுக்கு (இங்கே அப்பா என்பார்கள்) கடிதம் போட வேண்டும். சுகமாக இருக்கிறேன் என்று.

ஜூலை 12, வெள்ளி

வகுப்புக்குக் கிளம்பும்போது தாழ்வாரத்தில் நின்று சு.வைக் கூப்பிட்டேன். "நான் வெளிக்கிட்டன். நீங்கள் வாறியளோ?"

தாழ்வாரம் முழுக்கச் சிரிப்பு. ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சு.தான் பிறகு காதோடு சொன்னாள். இங்கே 'வெளிக்கு' என்றால் கொல்லைப்பக்கம் போவது. துணைக்கு ஆள் கூப்பிட்டதாக நினைத்துவிட்டார்கள்.

இனிமேல் வாயில் வரக் கூடாதவை:
வெளிக்கிடுவது (கிளம்புவது)
கதைப்பது (பேசுவது என்க)
தேத்தண்ணி (டீ)
கெதியாக (சீக்கிரம்)
ஓம் (ஆமாம்). இதுதான் கஷ்டம். யார் என்ன கேட்டாலும் முதலில் ஓம் வந்துவிடுகிறது. மந்திரமா சொல்றே என்று கேட்கிறார்கள்.

மாலையில் புதுப் பிள்ளைகளை டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கு அவர்தான் தலைவி. அமெரிக்காக்காரி, தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் தமிழ் வேதப்புத்தகத் தமிழ், ஒரு சொல்லும் பிசகாது. "மூன்று மாதம் உங்களைப் பார்ப்போம். பாடம் படித்தால் மட்டும் போதாது. நோயாளி சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டும். நீங்கள் சொல்வது நோயாளிக்குப் புரிய வேண்டும். புரியாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது."

எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னதுதான். பார்த்தது என்னை.

ஐயாவும் இதே மூன்று மாதம்தான் சொன்னார். "மூண்டு மாசம் பாப்பம். சரிவராட்டி வந்திடு பிள்ளை. வெக்கப்பட ஒண்டுமில்லை." மலாயாவில், ஈப்போவில், ரயில்வே கிளார்க் ஒருவருக்கு என்னைப் பெண் கேட்டிருக்கிறார்கள். அது காத்து நிற்கிறது. இரண்டு பக்கமும் மூன்று மாதம்.

ஜூலை 17, புதன்

தலைவலி. வெயில்தான்.

பிணம் அறுக்கும் அறையில் முதல் நாள். பயந்த மாதிரி இல்லை. அங்கே யாரும் பேச வேண்டியதில்லை. எலும்புகளுக்கு இங்கிலீஷில் பெயர், அதை நான் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. கையில் மட்டும் எத்தனை எலும்பு.

சாப்பாடு: சோறு, சாம்பார். தேங்காய்ப்பால் எதிலும் இல்லை. நேற்றுக் கேழ்வரகுக் களி. விழுங்க வேண்டும், மெல்லக் கூடாதாம். மென்றேன். சு. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மெல்லாத. மாடு மாரி இருக்குது" என்றாள்.

இன்று முழுக்க நான் பேசியது: ஆமாம். இல்லை. போதும். சரி.

இப்படி இருந்தால் இங்கே பிழைக்க முடியாது. ஆனால் இப்படி இருந்தால் பிசகும் வராது.

ஜூலை 22, திங்கள்

வீட்டுக் கடிதம். மழை இல்லை, கிணற்றில் நீர் இறங்கிவிட்டது, பசு கன்று போட்டது. கடைசி வரி ஐயாவின் கையெழுத்தில்: ஈப்போக்காரர் பதில் கேட்கிறார், என்ன எழுத?

பதில் எழுத உட்கார்ந்தேன். "இங்கே எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள்." அதற்கு மேல் ஓடவில்லை.

குளிக்கிற தண்ணீர் ஆளுக்கு ஒரு வாளி. பாலாறு இங்கே ஆறு என்று பேர், முழுக்க மணல். ஊற்றுத் தோண்டி அள்ளுகிறார்கள்.

ஜூலை 26, வெள்ளி

பலகையில் பெயர் போட்டிருக்கிறார்கள். வியாழன்தோறும் டாக்டரம்மாவின் மோட்டார் ஆம்பூர் சாலையில் போகும். மரத்தடிகளில் நிற்கும். அங்கங்கே ஜனங்கள் காத்திருப்பார்கள். பார்த்து மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது. கூட இரண்டு மாணவிகள். வருகிற வியாழனும் அதற்கு அடுத்ததும் சு.வும் நானும்.

சு. சொல்கிறாள்: "நீ பாட்டில் கழுவு. நான் பேசிக்கறேன். இன்னாத்துக்கு பயப்படற?"

இவர்கள் மாதிரிச் சொல்லிப் பழகுகிறேன். இன்றிலிருந்தே.

ஆகஸ்ட் 1, வியாழன்

நல்ல வெயில், ஆனால் நல்ல நாள். எழுதிவிட்டுத்தான் தூக்கம்.

ஐந்து இடத்தில் நிறுத்தினோம். கண் வலி, சிரங்கு, காய்ச்சல், சிரங்கு, சிரங்கு. ஆம்பூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய புளியமரம், அங்கேதான் கூட்டம் ஜாஸ்தி. (ஜாஸ்தி. எனக்கே வருகிறது.) சு. ஒரு பிள்ளையின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா ஒரு பெண்ணைப் பார்த்து முடித்து, வயிற்றுக்கடுப்பு மருந்தை அவள் கொண்டுவந்த சீசாவில் ஊற்றி என் கையில் கொடுத்தார். "தங்கரத்தினம், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நீ சொல்."

பர்தா போட்ட பெண், என் வயசுதான் இருக்கும். கூட மாமியார். நோட்டில் பெயர் ஜைத்தூன், ஆம்பூர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொன்னேன். "காலமையும் பின்னேரமும், சாப்பிட்ட பிறகு, ஒவ்வொரு கரண்டி குடியுங்கோ." காலமை விளங்கவில்லை. காலையில், சாயங்காலம் என்று திருத்திச் சொன்னேன். மாமியார் விரலை மடக்கித் திருப்பிச் சொன்னார். "காலீல ஒரு கரண்டி, சாய்ங்காலம் ஒரு கரண்டி. அவ்ளோதானே?"

அவ்வளவுதான் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை.

விளங்கியது. நான் சொன்னது ஒரு ஆளுக்கு விளங்கியது.

திரும்பும்போது மோட்டாரில் பாட்டு. நானும் பாடினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி. காலை

கடவுளே.

மோட்டார் எடுக்கிறார்கள். நானும் போகிறேன். பிறகு.

ஆகஸ்ட் 3, சனி

வானம் மப்பு. மழை இல்லை. இன்று வகுப்புக்குப் போகவில்லை, படுத்திருக்கச் சொன்னார்கள். படுக்க முடியவில்லை. நேற்று நடந்ததை முதலிலிருந்து எழுத வேண்டும்.

காலைச் சாப்பாடு. இட்லி. சமையல்கார அம்மா சாம்பார் வாளியோடு வந்தார். "இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?" கேட்டுக்கொண்டே ஊற்றினார். வந்த நாளிலிருந்து தினமும் கேட்கிற சொல். நேற்றுத்தான் காதுக்குள் போனது.

கரண்டி. கை நீளக் காம்பு. முனையில் குழி.

எங்கள் ஊரில் அது அகப்பை. கரண்டி என்றால் தேத்தண்ணி கலக்குகிற சின்னச் சாமான். இங்கே அதற்கு ஸ்பூன் என்று பேர். கடுப்பு மருந்தில் அபின் சேர்ந்திருக்கிறது. வாரம் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து.

சு.விடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. பிறகு மெல்ல, "அவுங்க குடிக்காமகூட இருந்திருப்பாங்க. பாதி பேரு ஊட்டுக்குப் போய் கொட்டிடுவாங்க" என்றாள். பிறகு, "நீ போய் சொன்னா உன்ன ஊருக்கு அனுப்பிடுவாங்க, தங்கம்."

தெரியும்.

ஈப்போவும் கிளார்க்கும் மனசில் வந்து போனது உண்மை. யாருக்கும் தெரியாது என்று நினைத்ததும் உண்மை. தட்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. சு.தான் என் தோளைத் தொட்டாள். "எழுந்திரு. நானும் வர்றேன்."

டாக்டரம்மா ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். தமிழில் தொடங்கி இங்கிலீஷில் முடித்தேன். அவர் திட்டவில்லை. ஈரக் கையோடு சமையலறைக்கு நடந்து போய், "கரண்டி எது?" என்று கேட்டார். சமையல்கார அம்மா எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். ஆபரேஷனை வேறு டாக்டரிடம் விட்டுவிட்டு மோட்டாரை எடுக்கச் சொன்னார்.

ஆம்பூர் நெருங்கும்போது நாற்றம் முதலில் வந்தது, சுண்ணாம்பும் ஊறின தோலும். பெயர் ஒன்றுதான் கையில். ஒரு தோல் மண்டி வாசலில் நிறுத்தி சு. விசாரித்தாள். ஆவாரம்பட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஜைத்தூன் சொன்னார்கள். வயிற்றுக்கடுப்பு, மாமியாரோடு மருந்து வாங்க வந்தவள் என்றதும் ஒருத்தர் மூட்டையைக் கீழே போட்டார். "நம்ம காசிம் ஊட்ல. அவ எழுந்திருக்கலன்னு இப்பத்தான் ஆளு வந்து அவன இட்டுகினு போனாங்க."

எழுந்திருக்கவில்லை. அந்தச் சொல்லோடு சந்து முழுக்க ஓடினேன்.

காசிம், அவள் புருஷன், வாசலில் நின்றார். முற்றத்துப் படுதாவுக்கு உள்ளே பெண்கள். மாமியார் (பெயர் ரஹமத்பீ) தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நேத்து சாய்ங்காலம் குடிச்சா. வலி சுத்தமா பூட்ச்சி, ராத்திரி பூரா நல்லா தூங்கினா. நல்ல மருந்துன்னு காலீல நான்தான் இன்னொரு கரண்டி ஊத்தினேன். அப்பறம் கண்ணே தொறக்கல."

சீசாவில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

ஜைத்தூனின் உதடு நீலம். கண்மணி ஊசிமுனை. மூச்சு வருகிறது, பிறகு வருவதில்லை, பிறகு வருகிறது. டாக்டரம்மா குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். ஊசி போட்டார். கடுங்காப்பி கேட்டார். முகத்தில் தண்ணீர் அடித்து, உள்ளங்காலில் தட்டி, எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு அவள் முனகினாள்.

டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். "இவளை நடக்க வை. தூங்க விடக் கூடாது. தூங்கினால் மூச்சு நின்றுவிடும். பேசிக்கொண்டே இரு."

"என்ன பேச?"

"எதையாவது. நிறுத்தாதே."

ஒரு பக்கம் ரஹமத்பீ, ஒரு பக்கம் நான். முற்றத்தில் அந்தச் சுவர் வரை, இந்தச் சுவர் வரை. கால் இழுபட்டது. சு. காப்பி போட்டுப் போட்டுக் கொண்டுவந்தாள்.

பேச வாய் திறந்தால் எங்கள் ஊர்த் தமிழ்தான் வந்தது. திருத்த நேரமில்லை. "எழும்புங்கோ. நித்திரை கொள்ளாதேங்கோ. நடவுங்கோ. என்னைப் பாருங்கோ."

"வுடும்மா" என்றாள். நாக்குக் குழறியது. "காலு வரல. கொஞ்சம் தூங்கிட்டு வர்றேன்."

"இல்லை, படுக்கேலாது. நான் ஒரு கதை சொல்லுறன், கேளுங்கோ."

கப்பலைச் சொன்னேன். வாந்தியைச் சொன்னேன். எங்கள் கிணற்றைச் சொன்னேன். துலா என்று நீள மரம் போட்டிருக்கும், அதன் மேலே ஒரு ஆள் முன்னும் பின்னும் நடப்பார், கீழே ஒருவர் பட்டையை, பனையோலை வாளியை, பிடிப்பார், தண்ணீர் வரும் என்றேன்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "மரத்து மேலயா நடப்பாங்க?"

"ஓம், மேலதான்."

"வுழமாட்டாங்களா?"

"ஒருக்கால் என்ர மாமா விழுந்தவர்."

"அப்பறம்?"

அந்த 'அப்பறம்' கேட்டு ரஹமத்பீ அழுதுவிட்டார். மாமா எப்படி விழுந்தார், எப்படித் தூக்கினார்கள், மாமி என்ன சத்தம் போட்டார், எல்லாம் சொன்னேன். நடக்காததும் சேர்த்துச் சொன்னேன். கூழ் காய்ச்சுவதைச் சொன்னேன். மீன், நண்டு, பயற்றங்காய் என்று அடுக்கினேன். "கூழ்ல மீனா?" என்று முகம் சுளித்தாள். வெயில் முற்றத்தில் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்கு மாறிவிட்டது. என் தொண்டை கட்டியது. சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசியில் கை எலும்புகளின் பெயரை இங்கிலீஷில் வரிசையாகச் சொன்னேன், அவள் விரலை ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி.

"இன்னா, திட்டறியா என்ன?"

"இல்லை, பாடம்."

"உங்க ஊர்ல எல்லாரும் இப்டித்தான் பேசுவாங்களா?"

"ஓம்."

"சண்ட போடறப்பகூட வாங்கோ போங்கோதானா?"

சு. காப்பியோடு நின்றவள் சிரித்துவிட்டாள். நானும். எனக்கு அதற்குப் பிறகு கண்ணீர் நிற்கவில்லை, ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

நிழல் நீண்ட நேரத்துக்கு அவள் தன் காலிலேயே நடந்தாள். மூச்சு சீராக வந்தது. டாக்டரம்மா கண்ணைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார், அப்படியே முற்றத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

ரஹமத்பீ அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என் கையை. "அல்லா உங்கள அனுப்பினான். நீங்க வரலன்னா எம்மருமவ இல்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "தங்கரத்தினம், நீ சொல்ல வேண்டும்."

எனக்குப் பதிலாக அவரே சொல்லுவார் என்று நினைத்திருந்தேன்.

"அம்மா, பிழை என்ர. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவருக்குப் புரியவில்லை. என் கையை இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தார். எழுந்து அடுப்படிக்குப் போனேன். கரண்டியை எடுத்தேன். அவர்கள் வீட்டில் ஸ்பூன் இல்லை, என் உள்ளங்கையைக் குவித்து அதில் சின்னதாகக் காட்டினேன். இவ்வளவுதான் குடிக்க வேண்டும். எங்கள் ஊரில் இதற்குத்தான் கரண்டி என்று பேர். நான் சொன்ன சொல்லால்தான் வந்தது. மருந்தால் இல்லை, உங்களால் இல்லை.

கையை விட்டார். கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் என் கையால ஊத்தினேனே" என்றார். சத்தமே இல்லை. "என் கையால."

படுதாவுக்கு அப்பால் காசிமின் குரல்: "அம்மா. வுடு."

"போங்க" என்றார் ரஹமத்பீ. "எல்லாரும் போங்க."

ஜைத்தூன் சுவரில் சாய்ந்து இருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. சு. காப்பிக் குவளைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

காற்று. புழுதி. கதவு இடித்துக்கொண்டே இருக்கிறது.

பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் தேவலை. நான் உட்கார்ந்தால் பெஞ்சில் பேச்சு நின்றுவிடுகிறது.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நானே சொன்னேன், ஊருக்குப் போகிறேன் என்று. அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போகலாம். வியாழக்கிழமைக்குப் பிறகு."

"வியாழக்கிழமையா?"

"பலகையில் உன் பெயர் இருக்கிறது."

"டாக்டர், வேண்டாம். என்னால் முடியாது."

பேனாவை வைத்தார். "நானும் ஒரு தவறு செய்தேன். புதிதாக வந்தவள் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்காமல் அடுத்த ஆளைப் பார்க்கப் போனேன். வியாழக்கிழமை நானும்தான் அந்த மரத்தடியில் நிற்க வேண்டும். தனியாக நிற்க எனக்கு விருப்பமில்லை."

சரி என்றேன்.

ஐயாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றில் வருகிறேன். ஒன்றில் பசுக்கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள். இரண்டையும் தபாலில் போடவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. சு. களி உருண்டையை நீட்டி, "முழுங்கு" என்றாள். விழுங்கினேன். முதல் தடவை மெல்லாமல்.

அவளிடம் கேட்டேன், நாளைக்கு அவர்கள் வந்து சத்தம் போட்டால் என்ன செய்வது என்று.

"வாங்கிக்க" என்றாள். இன்னொரு உருண்டை பிடித்துக்கொண்டே, "வந்து சத்தம் போட்டா நல்லதுன்னு வெச்சுக்க. அவ உயிரோட கீறான்னு அர்த்தம்" என்றாள்.

அதை நான் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்று எங்களில் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பினாராம். கதவு திறக்கவில்லையாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

விடியற்காலை தூறல். மண் வாசனை. புறப்படும்போதே நின்றுவிட்டது.

புளியமரத்தடி. கூட்டம் கம்மி. செய்தி பரவியிருக்கும். நான் மோட்டாருக்குப் பின்னால் சீசா கழுவிக்கொண்டிருந்தேன். குரல் கேட்டதும் கை நின்றுவிட்டது.

"அந்த சிலோன் பொண்ணு எங்க?"

ரஹமத்பீ. தனியாக. டாக்டரம்மா எழுந்து நின்றார். சு. என் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"இங்கே இருக்கிறாள்" என்றார் டாக்டரம்மா. "உங்கள் மருமகள் எப்படி இருக்கிறாள்?"

"மருந்து வாணாம் எனக்கு. உங்க மருந்தே வாணாம்." மூச்சு வாங்கினார். நடந்தே வந்திருக்கிறார். "இந்தப் பொண்ண என்னோட அனுப்புங்க."

"எதற்கு?"

"அவ தூங்கறதில்ல. அன்னைலேர்ந்து. கண்ணு சொக்கும், ஒடனே அலறிகினு எழுந்துக்கறா. தூங்கினா மூச்சு நின்னுடும்னு சொல்றா. நான் சொன்னேன், எம்புள்ள சொன்னான், ஹஜ்ரத் வந்து ஓதிட்டு சொன்னாரு. யார் பேச்சும் ஏறல. பைத்தியம் மாரி ஆய்ட்டா." என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் என் முகத்தைப் பார்க்கிறார். "நீதானே பொழுதன்னைக்கும் தூங்காத தூங்காதன்னு சொன்ன. நீயே வந்து தூங்குன்னு சொல்லு."

டாக்டரம்மா தலையசைத்தார். மற்ற ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

வழி முழுக்க ரஹமத்பீ முன்னால், நான் பின்னால். ஒரு சொல்லும் இல்லை. சந்தில் தோல் காயப் போட்டிருந்தார்கள். அதைச் சுற்றிப் போகும்போது மட்டும், "பாத்து வா" என்றார்.

ஜைத்தூன் பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கண் குழி விழுந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், நடக்கச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து.

"இல்லை, இல்லை. இருங்கோ."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்லி நம்ப வைப்பது என்று தெரியவில்லை. அபின் உடம்பில் எவ்வளவு நேரம் இருக்கும், எப்படிப் போகும் என்று சு. காலையில் மோட்டாரில் சொல்லித் தந்தது எதுவும் வாய்க்கு வரவில்லை.

"அது எல்லாம் போயிட்டுது" என்றேன். "இனிப் பயமில்லை. படுங்கோ. நித்திரை கொள்ளுங்கோ."

"நித்திரைன்னா?"

"தூக்கம்."

"தூங்கலாமா?"

"ஓம். தூங்கலாம்."

"நிஜமா சொல்றியா?"

"நிசமா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்க்க விட்டேன். பிறகு, "எனக்கு மூச்சு நின்னா எப்டி தெரியும் உனக்கு?" என்று கேட்டாள்.

"நான் இதிலயே இருந்து பாத்துக்கொண்டிருப்பன்."

படுத்தாள். என் சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். இரண்டு தடவை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். இரண்டு தடவையும், "இங்கதான் இருக்கிறன்" என்றேன். மூன்றாவது தடவை திறக்கவில்லை.

மூச்சு. வருகிறது, போகிறது. வருகிறது. அது வரும் வரை நானும் மூச்சு விடவில்லை. எனக்கும் பயம்தான். ரஹமத்பீ எதிர்ச் சுவரில் சாய்ந்து அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவும் இந்த நாளெல்லாம் தூங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எவ்வளவு நேரமோ. வாசலில் மோட்டார் ஹாரன். பிறகு இன்னொரு தரம். நான் சீலைத் தலைப்பை மெல்ல உருவப் பார்த்தேன்.

ரஹமத்பீ கையைக் காட்டி என்னை உட்கார வைத்தார். எழுந்து போய் வாசலில் ஏதோ சொன்னார். மோட்டார் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.